மீட்டர் யார் பெயரில்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வீட்டுக்கு வாடகை கொடுக்கிறோம். வெளிச்சத்திற்கும் வாடகை கொடுக்க வேண்டுமா? இந்த வினாவைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் கல்லூரிக்கு வந்து, மாலையில் அதே வளைவுகளை ஏறி வீடு திரும்புபவன். என் தந்தையார் காப்பித் தோட்டத் தொழிலாளி. தோட்டத்து லைன் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அவர் ஓய்வு பெற்றதும் அவ்வீட்டை விட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்று குடித்தனங்கள். மின்வாரிய மீட்டர் ஒன்றுதான். அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. எங்களுக்கு சப்-மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்குப் பத்து ரூபாய். சென்ற பருவத் தேர்வின்போது ஓர் இரவு படித்துக்கொண்டிருந்தேன். "விடிய விடிய லைட்டு எரியுதே!" என்று வெளியே வீட்டுக்காரர் குரல் கேட்டது. அப்பா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டார்.

"நம்ம காசுதானேப்பா?" என்றேன்.

"வீட்டுக்காரரைப் பகைச்சுக்கிட்டு, இந்தக் குளிர்ல வேற வீடு எங்க கண்ணு தேடுறது?" என்றார்.

இருட்டில் படுத்தபடியே கணக்குப் போட்டேன். 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால், இருபத்தைந்து இரவுகளின் படிப்புக்குப் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்காகவா அப்பா தலைகுனிந்தார்? இல்லை. மீட்டர் நம் பெயரில் இல்லை என்பதற்காகவே குனிந்தார்.

2016 மே 23 அன்று தமிழக அரசு, வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என அறிவித்தது. ஆனால் சலுகை இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அன்று. மூன்று குடும்பங்கள் ஆளுக்கு 100 யூனிட் செலவழித்தால், தனித்தனி இணைப்பில் மூவருக்கும் கட்டணம் இராது. ஒரே மீட்டரில் அது 300 யூனிட் ஆகிறது. 200 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். "எனக்கே அந்த விலை ஆகிறது" என்று வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அப்படியானால் தனி இணைப்பு அவருக்கும் நன்மைதானே!

அவருடைய அச்சம் வேறு. இணைப்பு குடித்தனக்காரன் பெயருக்குப் போனால் வீடே போய்விடும் என்பது. இதற்குச் சட்டம் விடை சொல்லியிருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தரவேண்டும் என்கிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், வீட்டு உரிமையாளர் ஆட்சேபணையில்லாச் சான்று தர மறுத்தார் என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றது. வீடு யாருடையது என்பது வேறு வழக்கு.

பிரிட்டனில் வாடகைக்கு இருப்பவர், மின் கட்டணத்தைத் தாமே செலுத்துபவராயின், எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்பதையும் தாமே முடிவு செய்யலாம். மும்பைப் புறநகரிலும் டாடா, அதானி என இரு நிறுவனங்களிடையே தேர்வு உண்டு. நம்மூரிலோ வீடுகளுக்கு மின்வாரியம் ஒன்றே. எனக்கு அதில் வருத்தமில்லை. மலையுச்சிக் குடிசைக்கும் கம்பம் நட்டது அதுதான். இலாபம் மட்டும் பார்க்கும் நிறுவனம் இருபது வளைவு ஏறி வருமா என்பது ஐயமே. ஆனால் அங்கே குடித்தனக்காரன் நுகர்வோன் என மதிக்கப்படுகிறான். இங்கே நாங்கள் வாரியத்தின் ஏட்டிலேயே இல்லை. அட்டை இல்லை, ரசீது இல்லை, குறை சொல்ல இணைப்பு எண்ணும் இல்லை. விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிறகு வரட்டும். வாங்குபவன் நான் என்று சொல்லும் உரிமை முதலில் வேண்டும்.

எங்கள் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலையில் அலுமினியமாயிற்று. அலுமினியம்தான் மின்கம்பியாகி நாடெங்கும் மின்சாரத்தைச் சுமக்கிறது. அந்த மலையின் பிள்ளைகள் இரவல் வெளிச்சத்தில் படிக்க வேண்டுமா?

சட்டம் ஏட்டிலிருந்தால் போதாது, கேட்பவன் வேண்டும். எங்கள் தந்தையர்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது, நமக்குத் தெரியும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் ஊரிலெல்லாம், மரக்கன்று நடுவதோடு ஒரு மேசையும் போடுவோம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கவும், இணைப்புக்கு விண்ணப்பம் நிரப்பவும் துணை நிற்போம். வீட்டுக்காரர்களிடமும் பகைமையின்றி எடுத்துரைப்போம். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.

வரும் தேர்வுக்குள் எங்கள் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அப்பா இன்னும் தயங்குகிறார். கையெழுத்துப் போடுவார் என்றே நம்புகிறேன்.