வழி தவறிய ரயில்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை வாசற்படியிலேயே இரண்டு கட்சியாகப் பிரித்துவிடும் சாமர்த்தியம் சில டைரக்டர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த வெஸ் ஆண்டர்ஸன் அவர்களில் முதல் தாம்பூலத்துக்கு உரியவர். அவருடைய படத்தில் நாற்காலி, மேஜை, மனிதர் எல்லாம் அளந்து வைத்தாற்போல் நட்டநடுவில் இருக்கும். காமிரா நேர் கோட்டில் பக்கவாட்டாக நகரும். பாத்திரங்கள் இடி விழுந்த செய்தியையும் காப்பி கேட்கிற குரலிலேயே சொல்வார்கள். இதற்காகவே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடும் ரஸிகர்கள் ஒரு பக்கம். இதெல்லாம் வெறும் ஜோடனை, நம் ஊர் வழக்கில் சொன்னால் நவராத்திரிக் கொலு, என்று முகம் சுளிக்கிறவர்கள் மறுபக்கம்.

இந்த வழக்கில் 2007ம் ஆண்டு வெளிவந்த 'தி டார்ஜீலிங் லிமிடெட்' என்னும் படத்தைப் பற்றி மட்டும் நாம் சும்மா இருப்பதற்கில்லை. ஏனெனில், கொலுப் படியில் வைக்கப்பட்டிருப்பது நம்முடைய தேசம்.

கதை சுருக்கமானது. தகப்பனாரைப் பறிகொடுத்து ஓராண்டான பிறகு, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த மூன்று அமெரிக்கச் சகோதரர்கள் ஆத்ம ஞானம் தேடி இந்தியாவுக்கு வந்து ரயில் ஏறுகிறார்கள். ரயிலின் பெயர்தான் டார்ஜீலிங். அது ஓடுவதோ ராஜஸ்தான் பாலைவனத்தில்! (நிஜமான ரயில் பெட்டிகளை அலங்கரித்து, ஜோத்பூருக்கும் ஜெய்ஸல்மீருக்கும் இடையே ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள்.) மூத்தவன் தலை முழுவதும் கட்டு. எந்தக் கோயிலில் எந்த வேளையில் ஞானோதயம் ஆகவேண்டும் என்று ஜாபிதா தயாரித்துக் கொடுக்க அவன் ஒரு காரியதரிசியையும், அச்சடிக்கும் யந்திரத்தையும் உடன் கொண்டுவந்திருக்கிறான். சந்நிதியில் நின்றுகொண்டு சகோதரர்கள் இடுப்பு பெல்ட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். பாம்பு ஒன்றை விலைக்கு வாங்கிப் பெட்டிக்குள் தப்பவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, தண்டவாளத்தின்மேல் ஓடும் ரயில் இரவில் வழி தவறிப் போய்விடுகிறது!

இந்தியாவை வர்ணப் பெட்டியாக உபயோகித்துக் கொண்டார்கள் என்பது படத்தின்மேல் கூறப்பட்ட பெரிய குற்றச்சாட்டு. ரயில் காட்சிகளைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அங்கே பரிகசிக்கப்படுவது இந்தியா அல்ல. பிரயாணச் சீட்டோடு மோக்ஷத்தையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று எண்ணி வருகிற அயல்நாட்டு யாத்ரீகர்கள்தான். அவர்களை இவ்வளவு நயமாகக் கேலி செய்த மேனாட்டுப் படம் நாம் பார்த்தவற்றில் வேறொன்றில்லை. அந்தக் கேலிக்கு அளந்து வைத்த நாற்காலிகளும் அசையாத முகங்களும் அவசியமாயிருக்கின்றன. பேஷ் என்றே சொல்வோம்.

ஆனால் நடுவில் ஒரு கால்வாய் வருகிறது. ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட சகோதரர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்து செல்லும்போது, கயிறு கட்டித் தெப்பத்தில் கடக்கும் மூன்று சிறுவர்கள் நீரில் கவிழ்கிறார்கள். மூவரும் குதிக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பிழைக்கின்றன, ஒன்று பிழைக்கவில்லை. இந்த இடத்தில் அளவுகோலும் ஜோடனையும் எங்கே போயின என்று தெரியவில்லை. இறந்த குழந்தையைச் சுமந்துகொண்டு கிராமத்துக்குள் வரும்போது கொட்டகையில் சிரிப்பு அடியோடு நின்றுவிடுகிறது. ஆண்டர்ஸனுக்குக் கொலு வைக்க மட்டுமே தெரியும் என்கிறவர்கள் இந்தக் காட்சியை மறுபடி பார்ப்பது நல்லது.

பிள்ளையின் தகப்பனாராக வருகிறவர் ஜனாப் இர்பான் கான். அவர் பேசுவது மிகச் சொற்பம். அந்தச் சில நிமிஷங்களில் அவர் முகம் சொல்வதை மூன்று கதாநாயகர்களும் படம் முழுவதும் பேசித் தீர்க்கவில்லை.

நமது வருத்தம் இதற்கு அடுத்தபடியாக வருகிறது. ஈமக் கிரியைக்கு அழைக்கப்பட்ட சகோதரர்கள் வெள்ளுடை தரித்து மெதுவாக நடந்து வருகிறார்கள். பின்னணியில் ஒலிப்பதோ, 1970ம் ஆண்டில் 'கிங்க்ஸ்' என்ற ஆங்கிலக் கோஷ்டி வெளியிட்ட பாட்டு. இத்தனைக்கும் இதே படத்தின் மற்ற இடங்களில் காலஞ்சென்ற சத்யஜித் ராய் தம் படங்களுக்கு அமைத்த சங்கீதத்தை இரவல் வாங்கி அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிதையை நோக்கிப் போகும் தருணத்திலேயே கதை நியூயார்க்குக்குத் தாவி, தகப்பனாரின் சவ அடக்கத்தன்று சகோதரர்கள் மோட்டார் பட்டறையில் நின்று தகராறு செய்ததைக் காட்டுகிறது. அன்று தவறவிட்ட துக்கத்தை இங்கே அநுஷ்டிக்கிறார்கள் என்று டைரக்டர் கட்சியார் விளக்குகிறார்கள். விளக்கம் நியாயமானதுதான்; சகோதரர்களின் மனத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. என்றாலும், பிள்ளையை இழந்தவர் நம் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, அவரை விட்டுவிட்டு வேறொரு துக்கத்துக்கு நம்மை அழைத்துப் போனால், மனம் எப்படி உடன் போகும்? இந்தியாவை இழிவு செய்தார்கள் என்று கோபிப்பதைக் காட்டிலும் இதைச் சொல்லிக் கேட்பதே பொருத்தம் என்று நாம் நினைக்கிறோம்.

ரயிலில் எலுமிச்சை ரஸம் கொடுத்து உபசரிக்கும் பெண்ணாக நடித்திருப்பவர் அமாரா கரண். லண்டனில் பிறந்த இவருடைய பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். இவருக்கு இதுவே முதல் படம். கடைசித் தம்பியின் சபலத்துக்கு உதவும் பாத்திரமாக இவரைக் குறுக்கியது பலருக்குப் பிடிக்கவில்லை, நமக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் கெட்டிக்காரியாகவே நடித்திருக்கிறார்.

இந்தப் படத்துக்குப் பாயிரமாக, பாரிஸ் நகரில் நடக்கும் 'ஹோட்டல் ஷெவாலியே' என்ற பதின்மூன்று நிமிஷத் துண்டுப் படம் ஒன்று உண்டு. அதை முன்னதாகப் பார்த்துக்கொண்டால் கடைசித் தம்பியின் போக்கு விளங்கும். இரண்டையுமே குழந்தைகள் தூங்கிய பிறகு பார்ப்பது உசிதம்.