மனத்தில் எழுந்த வீடு

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பப் பல இடங்களிலும் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. ஆகவே அடித்தளம் முதல் சிகரம், கிணறு, மதில், திருக்குளம் வரை ஒவ்வொன்றாக மனத்திலேயே கட்டி முடித்தார். அவ்வூர் இருதயாலீசுவரர் கோயில் அவரை இன்றும் நினைவூட்டுகிறது.

அச்சந்நிதிக்கு ஒரு தம்பதி இரு குழந்தைகளுடன் வந்தனர். கணவரின் முதிய தாயாரும் உடனிருக்க, ஓரறை வாடகை வீடு போதவில்லை. 40 லட்சம் ரூபாய் கடன் தர வங்கி இசைந்திருந்தது. 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபாய். மொத்தம் 86 லட்சத்துக்கும் மேல். முன்பணத்துக்குத் தம் பொன் வளையல்களைத் தர மூதாட்டி முன்வந்தார்.

நாயனாரின் வரலாற்றைக் கேட்ட மனைவி, "முதலில் நாமும் மனத்தில் கட்டிப் பார்ப்போமே" என்றார்.

வாடகை போக, தவணையில் எஞ்சும் தொகையை மாதந்தோறும் தனியே எடுத்து வைத்தனர். பள்ளிக் கட்டணம் செலுத்திய நான்காம் மாதத்தில் அது இயலவில்லை. தம் அளவு இன்னதென்று தெளிந்தது. 30 லட்சம் கடனுக்குத் தவணை 27,000 ரூபாய். அதற்கேற்ற ஈரறை வீட்டைத் தேர்ந்தனர். சேமிப்பே முன்பணத்துக்குப் போதுமாயிற்று.

புதுமனை புகுவிழாவில் பால் பொங்கியபோது, மூதாட்டியின் கைகளில் அவ்வளையல்கள் ஒலித்தன.