தெத்தில் நாம் விருந்தாளிகளாக நடந்துகொள்ளவில்லை

வடக்கு அல்பேனியாவின் தெத் கிராமம் என்றால், அங்கே போய்வரும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு தேவாலயப் படம்தான். 1892இல் எழுந்த சிறிய கற்கோயில், செங்குத்தான கூரை, பின்னால் சுண்ணாம்புக்கல் மலைகள். படம் எடுத்து அனுப்பியதும் ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். 1967இல் என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் அரசு மதத்தையே தடைசெய்ததும், நாடெங்கும் பூசை நின்றதும், 1990இல்தான் மக்கள் மறுபடி வெளிப்படையாக வழிபட முடிந்ததும் அந்த வாசலில் கேட்டிருக்கவேண்டிய கதைகள். நாம் கேட்கவில்லை.

அருகிலேயே ஒரு கல் கோபுரம் இருக்கிறது. இரத்தப்பழிக்கு அஞ்சியவர்கள், சமரசம் பேசி முடியும்வரை அடைந்துகிடந்த இடம். கொலைக்குக் கொலை என்ற கதை நமக்குச் சுவையாக இருந்தது. ஊர் திரும்பி அதையே சொன்னோம். ஆனால் பழிவாங்கலுக்கு விதி வகுத்த, கானூன் என்ற அதே மலைநாட்டு வழக்கச் சட்டம், வீடு தேடி வந்த விருந்தாளியைக் காப்பது வீட்டுக்காரரின் மானம் என்றும் சொல்கிறது. ஷ்டியேஃபன் ஜெச்சோவி என்ற பாதிரியார் மலை மலையாகத் திரட்டிய அந்த வழக்கங்கள், அவர் இறந்தபின் 1933இல் நூலாயின. நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த மறுபாதியின் பலனைத்தான் ஊர்க்காரர் வீட்டில் ராக்கி மதுவும் சோள ரொட்டியுமாக அனுபவித்தோம் என்பதுகூட நமக்கு உறைக்கவில்லை.

1908இல் எடித் டர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண் இந்த மலைகளில் நடந்தும் குதிரையிலும் சுற்றி, மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். அவருடைய பார்வையிலும் குறைகள் உண்டு. ஆனாலும் அவர் உட்கார்ந்து கேட்டார். நமக்கு இப்போது கணவாயைத் தாண்டித் தார்ச்சாலை இருக்கிறது. நம்மில் பலர் காலையில் வந்து மாலையில் ஷ்கோதர் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

வெந்நீர் வேண்டும், வைஃபை வேண்டும், சன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும் என்று கேட்டதும் நாம்தான். கேட்டவர்களுக்காகக் கட்டடங்கள் எழுந்தன. பிறகு, ஊர் பழைய மாதிரி இல்லையே என்று வருந்தினோம். 1990களில் பிழைப்புத் தேடிப் பல குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. பனிக்காலத்தில் தங்குபவர்கள் மிகச் சிலர். கோடையில் வந்து பழகிய நாம், அவர்களுடைய தை மாதம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். அடுத்த முறை ஊர்க்காரர் வீட்டிலேயே இரண்டு இரவு தங்குவோம். மலைக்கு அப்பாலுள்ள வால்போனாவுக்கு நடக்கும்போது உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிக்கொள்வோம். குப்பையை நாமே கீழே சுமந்து வருவோம். முடிந்தால் கூட்டமில்லாத செப்டம்பர் கடைசியில் போவோம். வீட்டுக்காரர்களுக்கும் அப்போது பேச நேரம் இருக்கும்.