அளவிற் பெரிய விசிறி

கணினியைத் தம் கையாலேயே பூட்டி அமைக்கும் மாணவர் நம் விடுதியில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவருட் சிலர் நீரால் வெப்பந் தணிக்கும் முறையைக் கையாளுகின்றனர். அவரிடையே அண்மையில் எழுந்த வழக்கொன்று, சிறியதாயினும் ஆராயத் தக்கது. 120 மில்லிமீட்டர் விசிறிக்கென அமைந்த ரேடியேட்டரில் 200 மில்லிமீட்டர் விசிறியை ஏற்றுதல் தகுமா என்பதே அது. தகும் என்பாரும் தகாது என்பாரும் இரவெல்லாம் வாதித்தும் முடிவு காணாமையின், எம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

முதற்கண் முறையை நோக்குவோம். கணினியின் சில்லின்மேற் பதிந்த செப்புக் கட்டியின் வழியே பம்பு நீரை ஓட்டுகின்றது. நீர் வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டரின் குழாய்களுட் புகுந்து, தகடுகளின் வாயிலாகக் காற்றுக்கு ஈந்து மீள்கின்றது. ஆதலின், வெப்பத்தை ஈற்றிற் சுமந்து செல்வது காற்றே. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேற ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும்; ஒரு லிட்டர் காற்றுக்கோ 1.2 ஜூலே போதும். எனவே, 240 வாட் வெப்பத்தை, காற்று 10 பாகைக்குமேற் சூடேறாதபடி அகற்றல் வேண்டின், வினாடிதோறும் 20 லிட்டர் காற்றுத் தகடுகளினூடே செல்லுதல் வேண்டும்.

பெரிய விசிறியை விழைவார் கூற்றுக்கு இதுவே அடிப்படை. அதில் உண்மையும் உண்டு. ஒரே வடிவுடைய விசிறிகள் தள்ளும் காற்றின் அளவு, சுழல் வேகத்தையும் குறுக்களவின் முப்படியையும் ஒட்டி வளர்வது. நிமிடத்திற்கு 700 முறை சுழலும் 200 மில்லிமீட்டர் விசிறி, 1,500 முறை சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறியினும் இருமடங்கிற்கு மேற்பட்ட காற்றைத் தடையற்ற இடத்தில் தள்ள வல்லது. அதன் ஒலியும் தாழ்ந்த சுருதியினதாதலின் செவியை அத்துணை உறுத்துவதில்லை. ஒருவர் பயிலும் அறையிலேயே மற்றொருவர் உறங்கவும் வேண்டிய விடுதியில் இஃது அற்ப நன்மையன்று.

எனினும், தகடுகளினூடே காற்றைப் புகுத்துவது அழுத்தம். அவ்வழுத்தம் இதழ் விளிம்பின் வேகத்தினது இருபடியை ஒட்டியது. மேற்கூறிய பெரிய விசிறியின் அழுத்தம் சிறியதன் அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கேயாம். தகடுகள் நெருங்கிய ரேடியேட்டரில் அது தளர்ந்துவிடும். அன்றியும், 240 மில்லிமீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ரேடியேட்டரின் நடுவே அதனை நேரே வைப்பின், விசிறி வட்டத்தின் பரப்பிற் கால் பங்கிற்கு மேல் வெளியே நிற்கும். ரேடியேட்டரின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் நேர்க்காற்றின்றிக் கிடக்கும்.

எம் நண்பர் ஒருவர், துளைகள் பொருந்தாமையின், குறுக்குப் பட்டைகளை இட்டு நீண்ட திருகாணிகளால் இவ்விசிறியை முடுக்கினார். ஆணியொன்று குழாயைத் துளைத்தது. நள்ளிரவில் நீர் மின்பலகையிற் சொட்ட, கணினியோடு, பிரதி எடுத்து வையாத ஆறு திங்கள் ஆய்வுரையும் அழிந்தது. அவர் முகம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது.

ஆகவே, பெரிய விசிறி தகாது என்று விலக்குதல் எம் கருத்தன்று. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இம்முறையை விழைந்தோர் பலர் மோட்டார் வண்டியினுள்ளே சூடு தரும் சிறு ரேடியேட்டரையே எடுத்தாண்டனர். அதற்கும் விசிறிக்கும் அளவு ஒவ்வாமையின், இடையே புனல் போன்ற கூடொன்றைத் தாமே செய்து பொருத்தினர். நம் மாணவர்க்கும் அதுவே வழி. கூட்டின் ஒருவாய் ரேடியேட்டரின் அளவினதாகவும், மறுவாய் விசிறியின் அளவினதாகவும் இருத்தல் வேண்டும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழம் இருப்பின், விசிறியின் நடுக்குடத்திற்கு நேரே காற்றுச் செல்லாத குறையும் நீங்கும். இணைப்புக்களைப் பஞ்சு நாடாவால் அடைத்தல் வேண்டும். திருகாணியின் நீளத்தை அளந்த பின்னரே முடுக்குதல் வேண்டும். தகடுகள் இடைவிட்டு நிற்கும் ரேடியேட்டருக்கே இது பொருந்தும். நெருங்கியதற்குச் சிறு விசிறிகளே சாலும்.

இனி வாதிப்பார்க்கு ஒரு சொல். இருவகை விசிறிகளையும் ஒத்த இரைச்சலில் ஓட்டுக. கணினிக்கு ஒரே வேலையைக் கொடுத்து அரைமணி நேரம் கழிக்க. நீரின் வெப்பத்திற்கும் அறையின் வெப்பத்திற்கும் உள்ள வேற்றுமையைக் குறித்துக்கொள்க. வேற்றுமை எதிற் குறைவோ அதுவே சிறந்தது. இரவெல்லாம் வாதித்தவர் அந்த அரைமணி நேரத்தைச் செலவிட்டிலரே என்பதுதான் எம் வருத்தம்.