தவறவிட்டவருக்குக் கிடைத்த கைத்தட்டல்

வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை பார்த்திருப்பார்கள். ஆனால், ஊர் ஞாபகம் வைத்திருப்பது என்னவோ ஒரே ஒரு நாளைத்தான். அமெரிக்காவின் ஸ்காட் நார்வுட் அப்படி ஒரு மனிதர். தொழில்: அமெரிக்கன் ஃபுட்பாலில் ‘கிக்கர்’.

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி முன்னேறுகிற ஆட்டம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளிகள். அதுவரை போக முடியாத நேரத்தில்தான் கிக்கரைக் கூப்பிடுவார்கள். தூரத்திலிருந்து பந்தை உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே இருப்பது 18.5 அடி. குறுக்குக் கம்பி 10 அடி உயரத்தில் இருக்கும். பந்து அதற்கு மேலே போக வேண்டும்.

ஒருவர் பந்தைப் பின்னால் எறிவார். இன்னொருவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவார். கிக்கர் உதைப்பார். எல்லாம் சேர்த்து ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். மூன்று மணி நேர ஆட்டத்தில் கிக்கருக்கு வேலை சில நிமிடங்கள்கூட இருக்காது. மற்ற நேரமெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நார்வுட்டுக்கு இந்த வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. கல்லூரி முடித்து வரும் வீரர்களை அணிகள் தேர்வு செய்யும் ‘டிராஃப்ட்’டில் அவரை யாரும் எடுக்கவில்லை. வேறொரு சிறிய லீக்கில் ஆடிப் பார்த்தார். 1985-ல்தான் பஃபலோ பில்ஸ் அணியில் இடம் கிடைத்தது. மூன்றே வருடத்தில், 1988-ல், நட்சத்திர வீரர்களுக்கான ‘ப்ரோ பௌல்’ ஆட்டத்துக்குத் தேர்வாகும் அளவுக்கு வளர்ந்தார்.

1991 ஜனவரி 27. டாம்பா நகரில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்ததால் மைதானத்தைச் சுற்றிக் கடுமையான பாதுகாப்பு. பில்ஸ் அணிக்கு அதுதான் முதல் சூப்பர் பௌல். எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ்.

ஆட்டம் முடிய 8 விநாடிகள். ஜயன்ட்ஸ் 20, பில்ஸ் 19. நார்வுட் உள்ளே வந்தார். தூரம் 47 கெஜம், அதாவது சுமார் 43 மீட்டர். பில்ஸின் சொந்த மைதானத்தில் அப்போது இருந்தது செயற்கைப் புல். இங்கேயோ நிஜப் புல்தரை. உதைத்தார். உயரம் இருந்தது, வேகம் இருந்தது. பந்து மட்டும் வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. ‘வைட் ரைட்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகள் அன்று முதல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா? அன்று ஜயன்ட்ஸ் அணி பந்தைத் தன் வசம் வைத்திருந்தது 40 நிமிடம் 33 விநாடி. மொத்த ஆட்டமே 60 நிமிடம்தான். அவர்களைத் தடுக்க வேண்டியது நார்வுட்டின் வேலை இல்லை. பில்ஸ் எடுத்த 19 புள்ளிகளில் 5 அவர் காலிலிருந்து வந்தவை. ஆனாலும், கடைசியில் பந்தைத் தொட்டவர்தானே கண்ணுக்குத் தெரிவார்!

ஓய்வறைக்குப் போன நார்வுட் ஒளிந்துகொள்ளவில்லை. நிருபர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், திரும்பத் திரும்பக் கேட்டபோதும், நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். பந்தை எறிந்தவர் மீதோ, பிடித்து நிறுத்தியவர் மீதோ பழி போடவில்லை.

மறுநாள் அணி ஊர் திரும்பியது. தோற்ற அணியை வரவேற்க பஃபலோ நகரின் நடுவே நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குளிரில் கூடியிருந்தார்கள். நார்வுட் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் சும்மா இருக்கவில்லை. ‘ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்’ என்று ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது. மைக் முன்னால் வந்து நின்றவருக்கு நா தழுதழுத்தது. இவ்வளவு அன்பைத் தன் வாழ்வில் உணர்ந்ததே இல்லை என்று சொன்னார்.

கதை இதோடு முடியவில்லை. அணி அவரை வெளியேற்றாமல் அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொண்டது. 1992 ஜனவரியில், மீண்டும் சூப்பர் பௌலுக்குள் நுழைவதற்கான ஆட்டம். டென்வர் பிராங்கோஸ் அணியை பில்ஸ் 10-7 என்று வென்றது. வித்தியாசம் 3 புள்ளிகள். அந்த ஆட்டத்தில் 44 கெஜத்திலிருந்து உதைத்து 3 புள்ளிகள் எடுத்துக் கொடுத்தவர் நார்வுட்! ஆனால், இதைச் சொல்பவர்கள் குறைவு.

அந்த இறுதிப் போட்டியிலும் பில்ஸ் தோற்றது. பிறகு அணி அவரை விடுவித்தது. அத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பி, இன்ஷூரன்ஸ், வீடு விற்பனை என்று வேறு வேலைகள் பார்த்தார். பில்ஸ் அணியோ தொடர்ந்து நான்கு வருடம் சூப்பர் பௌலுக்குப் போய் நான்கிலும் தோற்றது. கிக்கர் மாறியும் கோப்பை வரவில்லை.

தவறவிட்டவரைத் திட்டுவதற்கு யோசனையே தேவையில்லை. அது தானாக வரும். அவரைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிடுவதற்குத்தான் மனசு வேண்டும். பஃபலோ மக்கள் அன்று அவருக்குக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தலை நிமிர்ந்து மறுபடி மைதானத்துக்குப் போகும் தைரியத்தைக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்து 44 கெஜ உதை அந்தத் தைரியத்தில் வந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையோ, வேலையில் சறுக்கிய தம்பியோ வீட்டின் ஓரத்தில் தலை குனிந்து நிற்கும்போது, முதலில் அவர்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.