வரிசையும் ஓர் அமானிதமே



என்னால் நேர்ந்த ஒரு தவற்றை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இதைத் தவறென்றே எண்ணுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் இளைய மகனுக்கு ஏழு வயது. சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ராட்டிக் சின்ட்ரோம் என்னும் நோய் அவனுக்கு மூன்றாண்டுகளாக இருக்கிறது. காலையில் அவன் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதும், சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுவதும் எங்கள் வீட்டின் அன்றாட வழக்கம். மாதம் ஒருமுறை அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஸுப்ஹு தொழுதுவிட்டுப் பேருந்து ஏறினால் ஏழரை மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கலாம். மருத்துவர் முன் அமரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். பரிசோதனை முடிவை வாங்கி, மருந்து கொடுக்கும் சாளரத்தை அடைவதற்குள் ளுஹருக்கு பாங்கு சொல்லிவிடுவார்கள். அவன் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டும். அரைமணிக்கு ஒருமுறை, "பசிக்குது வாப்பா" என்பான். காத்திருத்தல் பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்கே கடினமானது.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் என்னை அங்கே கண்டார். அவருக்கு அந்த மருத்துவமனையில் பணி. "ஹஜ்ரத், நீங்க ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க? வாங்க" என்று குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துச் சென்றார். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லியபடியே வெளியே வந்தேன்.

வாசலருகே பெஞ்சில் ஒரு தாய் அமர்ந்திருந்தார். எங்களுக்கு முன்பே வந்தவர். மடியில் இரண்டு வயதிருக்கும் ஆண் குழந்தை. அதன் பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தத் தாய் கோபப்படவில்லை. "உங்களுக்கு எத்தனாவது நம்பர் பாய்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நா எழவில்லை. என் மகன்தான், "முப்பத்தொண்ணு" என்று உண்மையைச் சொன்னான். அவர் கையிலிருந்த சீட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தது.

என் மகனுக்கு அன்று வீக்கம் இல்லை. சிறுநீரில் புரதமும் இல்லை. வெறும் மாதாந்தரப் பார்வைக்காகவே சென்றிருந்தோம்.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அருந்திய பின் வலப்புறம் இருப்பவருக்குக் கொடுப்பது முறை. வலப்புறம் இருந்தவரோ ஒரு சிறுவர்; இடப்புறம் வயதில் மூத்தவர்கள் இருந்தார்கள். மூத்தவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்னும் பொருளில் அவர் மறுத்துவிட்டார். நபியவர்கள் பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

இந்த ஹதீஸை மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். வலப்புறத்தின் சிறப்பைப் பற்றி விளக்குவேன். முறை என்பது ஒரு ஹக்கு, அது ஒரு சிறுவருடையதாயினும் அவருடைய சம்மதமின்றி மற்றவருக்குப் போகாது என்ற பாடம் அந்தப் பெஞ்சின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அல்லாஹ்வின் தூதரே அனுமதி கேட்ட இடத்தில், 'ஹஜ்ரத்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் கேளாமலே எடுத்துக்கொண்டேன்.

அடியார்களின் உரிமையைப் பறித்தவர் தவ்பா செய்தால் மட்டும் போதாது. உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மன்னிப்புப் பெற வேண்டும். பணமாயின் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு தாயின் காத்திருப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அவர் பெயரைக்கூட நான் அறியேன்.

அப்படியாயின் எவரும் எவரையும் முந்தக் கூடாதா? முந்த வேண்டிய குழந்தைகள் உண்டு. மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை இருந்தால் அக்குழந்தையை உடனே கவனிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இரண்டு மாதத்திற்கும் குறைந்த சிசு, கடுங்காய்ச்சல், கடுமையாக வெளிறிய உடல், இரு பாதங்களிலும் வீக்கம் ஆகியவை அடுத்த முன்னுரிமை பெறுகின்றன. மற்றவர்கள் வரிசைப்படி வர வேண்டும். இது சலுகையன்று, நீதி. அந்தப் பட்டியலின்படி பார்த்தால், அன்று முந்தியிருக்க வேண்டியது அந்தத் தாயின் குழந்தை.

எனவே உங்கள் பிள்ளைக்கு இத்தகைய அறிகுறி இருந்தால் வாய்மூடி அமர்ந்திருக்காதீர்கள். செவிலியரிடம் எழுந்து சென்று சொல்லுங்கள். பொறுமை என்பது ஊமையாய் இருப்பதன்று. அதேபோல் அத்தகைய குழந்தை உங்களை முந்திச் செல்லும்போது முணுமுணுக்காதீர்கள்.

'மருத்துவர்கள் போதவில்லை, ஒழுங்கும் இல்லை, எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்' என்று சிலர் சொல்வார்கள். குறை உண்மைதான். ஆனால் அந்தக் குறையின் சுமையைச் சிபாரிசு செய்ய ஆளில்லாதவர்களின் தலையில் ஏற்றுவது தீர்வாகாது. ஜமாஅத் நிர்வாகிகள் மருத்துவமனை அதிகாரிகளைச் சந்தித்து, எண்ணை உரக்க அறிவிக்கவும், திரும்ப வருவோருக்கு நேரம் குறித்துக் கொடுக்கவும் மனுக் கொடுக்கலாம். காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்யலாம். அது எந்த மதத்துப் பிள்ளை என்று பார்க்க வேண்டியதில்லை.

தொழுகை குறித்தும் பதற வேண்டாம். ளுஹரின் நேரம் அஸர் வரை நீடிக்கிறது. அருகில் இருப்பவரிடம் எண்ணைச் சொல்லிவிட்டு, பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் தொழலாம். குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனவருத்தத்தை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபியின் உம்மத் நாம்.

இப்போது எங்கள் எண் வரும்வரை காத்திருக்கிறோம். கையில் அவித்த சுண்டல், ஒரு கதைப் புத்தகம். மஹல்லாக்காரர் வந்து அழைத்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சைப் பார்க்கிறேன். அந்தத் தாயை இன்னும் காணவில்லை.

யா அல்லாஹ்! அந்தக் குழந்தைக்கு ஷிஃபாவைத் தருவாயாக. மறுமையில் அவர் என்னிடம் தம் ஹக்கைக் கேட்கும் முன்பாக, இம்மையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை எனக்குத் தருவாயாக. ஆமீன்.