பறக்கும் ஆசைக்கு முன் கண்ணை அளப்போம்



காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நின்று சுற்றுமுற்றும் எண்ணிப் பாருங்கள். கிழக்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்கும் பள்ளி அங்கேதான் உள்ளது. வடக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ‘ராஜாளி’ விமானதளம் 1992 முதல் இயங்கி வருகிறது. இவ்விரண்டு தளங்களுக்கும் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு, வானில் இரைச்சல் கேட்டதும் “நானும் ஒரு நாள் ஓட்டுவேன்” என்ற ஆசை பிறப்பதில் வியப்பில்லை. 2016-இல் மூன்று பெண்கள் முதன்முதலாகப் போர் விமானப் பிரிவில் சேர்ந்த பின், அந்த ஆசை மாணவிகளுக்கும் உரியதாகிவிட்டது.

ஆசைப்பட்டவர்கள் கணக்கும் இயற்பியலும் ஊன்றிப் படிக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள். எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும்கூட வென்றுவிடுகிறார்கள். கடைசிப் படியான மருத்துவப் பரிசோதனையில், “விமானி ஆவதற்கு உன் கண் தகுதியில்லை” என்ற சொல் அவர்களில் சிலருக்குக் காத்திருக்கிறது. அதுவரை அவர்களுடைய கண்ணை முறையாக அளந்து எண்ணைச் சொன்னவர் எவரும் இல்லாமல் போவதுதான் கொடுமை. இதைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதியைத் தளர்த்தக் கேட்பது நியாயமல்ல. ஆனால் அந்த விதியை எட்டாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லாமல் விடுவதும் நியாயமல்ல.

முதலில் குறைபாட்டைப் புரிந்துகொள்வோம். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் உங்கள் பாடத்தில் உள்ளவை. மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் பார்வைச் சிதறல்; மருத்துவர்கள் அஸ்டிக்மாட்டிசம் என்பார்கள். ஒரு ரப்பர் பந்தை இரு விரல்களால் இலேசாக அழுத்துங்கள். ஒரு திசையில் வளைவு அதிகமாகவும், அதற்குக் குறுக்கே வளைவு குறைவாகவும் ஆகிறதல்லவா? கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் ஒளிபுகு படலம் சிலருக்கு இப்படித்தான் அமைந்திருக்கிறது. நெடுக்காக வரும் ஒளி ஓரிடத்திலும் குறுக்காக வரும் ஒளி வேறோரிடத்திலும் குவிவதால், விழித்திரையில் தெளிவான புள்ளி விழுவதில்லை. 1801-இல் தாமஸ் யங் இக்குறையைத் தம் கண்ணிலேயே அளந்து எழுதினார். 1825-இல் வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி, தம் கண்ணுக்கென உருளை வில்லை செய்வித்து அணிந்தார். கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது அந்த உருளை வில்லையின் அளவைத்தான்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெள்ளைத் தாளில் கடிகார முகப்பைப் போல, நடுவிலிருந்து பன்னிரண்டு கோடுகளை ஒரே கனத்தில் வரையுங்கள். சுவரில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சில கோடுகள் கறுப்பாகவும் மற்றவை மங்கலாகவும் தெரிந்தால் பார்வைச் சிதறல் இருக்கக்கூடும். இது ஓர் அறிகுறியே தவிர அளவு ஆகாது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிதறல் சிறிதளவே இருந்தால் எழுத்துப் பலகையின் கீழ்வரிவரை படித்துவிட முடியும். ஆகவே, “பலகையைப் படித்துவிட்டேன், என் கண்ணில் பழுதில்லை” என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி விதிக்கு வருவோம். நம் விமானப்படையில் விமானி ஆக விரும்புவோருக்குக் கிட்டப்பார்வை அனுமதியில்லை. பார்வைச் சிதறல் 0.75 டையாப்டருக்குள், அதுவும் கூட்டல் குறியோடு இருக்க வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 250 மீட்டர். எதிரெதிரே வரும் இரு விமானங்கள் விநாடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. எதிரே வருவதை 5 கி.மீ. தொலைவில் கண்டால் பத்து விநாடி அவகாசம். மங்கலான கண் அதை 2.5 கி.மீ. தொலைவில் கண்டால் ஐந்தே விநாடிதான். “கண்ணாடி போட்டுக்கொண்டால் என்ன?” என்றும் கேட்கலாம். பயணி விமானம் ஓட்டுவோர் கண்ணாடி அணியலாம். போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போதோ பொருள்களின் எடை எட்டு, ஒன்பது மடங்காகிவிடும். 20 கிராம் கண்ணாடி 180 கிராமாகி மூக்கை விட்டு இறங்கும். தலைக்கவசமும் பிராணவாயு முகமூடியும் வேறு அதனோடு உராயும்.

அப்படியானால் அறுவை செய்து கண்ணைச் சரிசெய்துகொள்ளலாமே? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்களுள் ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர் என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று அமெரிக்கா சென்றவர். ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா லேசர் கதிரை அதன்மேல் செலுத்தினார். சுற்றியிருந்த தசை கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. கார்னியாவைச் செதுக்கி அதன் வளைவைத் திருத்தும் ‘லேசிக்’ முதலிய சிகிச்சைகள் எல்லாம் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தவையே. 2007-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் இச்சிகிச்சை பெற்றவர்களை விண்வெளி வீரர்களாக ஏற்க முன்வந்தது.

நம் விமானப்படையும் இக்கதவை அடைத்துவிடவில்லை. நிபந்தனைகளோடு திறந்து வைத்திருக்கிறது. இருபது வயதுக்கு முன் அறுவை செய்திருக்கக் கூடாது. அறுவைக்குப் பின் பன்னிரண்டு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். முன்பிருந்த குறை ஆறு டையாப்டருக்கு மேல் போயிருக்கக் கூடாது. கார்னியாவின் நடுப்பகுதி 450 மைக்ரானுக்குக் குறையாமல் எஞ்சியிருக்க வேண்டும். கத்தியால் ஆரக்கால்போலக் கீறும் பழைய அறுவையை அடியோடு ஏற்பதில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் காரணம் உண்டு. ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு டையாப்டரைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரான் படலத்தைச் செதுக்க வேண்டும். இரு நண்பர்களுக்கு ஒரே அளவாக நான்கு டையாப்டர் கிட்டப்பார்வை என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 48 மைக்ரான் போகும். 540 மைக்ரான் கார்னியா உடையவருக்கு 492 மிஞ்சும். 480 மைக்ரான் உடையவருக்கோ 432-தான், அவர் தேறமாட்டார். வயது விதியும் இப்படிப்பட்டதே. வளரும் பருவத்தில் கண்விழியும் நீளத்தில் வளர்கிறது. பதினேழு வயதில் செதுக்கிய கண் மேலும் வளர்ந்தால் பவர் மீண்டும் தலைதூக்கும். சீவிய பென்சிலை மறுபடி நீட்ட முடியுமா?

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. தேசிய பாதுகாப்புக் கழகத்தில் சேரும் வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. ஆகவே அறுவை செய்துகொண்டு அந்த வழியாக விமானி ஆக முடியாது. பட்டம் பெற்றபின் எழுதும் விமானப்படைப் பொதுத் தேர்வின் வழியில் வயது எல்லை 20 முதல் 24 வரை. இருபதில் அறுவை, இருபத்தொன்றில் விண்ணப்பம் என்று திட்டமிட இடமுண்டு. இது தெரியாமல், “அறுவை செய்துவிட்டால் போதும்” என்ற பேச்சை நம்பிப் பதினெட்டு வயதில் பெற்றோரைக் கடனாளியாக்கினால், பணமும் போகும். இருபதில் கிடைக்கவிருந்த வாய்ப்பும் சேர்ந்தே போகும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். மாணவர்களே, பக்கத்து அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் சென்று, இரு கண்களின் பவரையும் சிலிண்டரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள். பெற்றோரே, இருபது வயதுக்கு முன் அறுவைக்கு அவசரப்படாதீர்கள். ஆசிரியர்களே, வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் நாளில், அவ்வாண்டு அறிவிப்பில் உள்ள கண் தகுதிப் பகுதியையும் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

எண் சாதகமாக இல்லாவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடாது. விமானத்தைப் பழுது பார்க்கும் பொறியாளருக்கும், வானிலை கணிப்பவருக்கும் கண்ணாடி அணிய இடமுண்டு. அவர்கள் இல்லாமல் ஒரு விமானமும் எழும்பாது. அந்த வழிகளை இருபத்திரண்டு வயதில் ஏமாற்றத்தோடு தேடுவதற்கும், பதின்மூன்று வயதில் தெளிவோடு தேர்ந்தெடுப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. அந்தத் தெளிவுக்கு ஆகும் செலவு ஒரு வெள்ளைத் தாளும், மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வருவதும்தான்.